விஷம் காட்டிக்கொடுத்த செரின்

ஒரு நொதியின் உயிர் எங்கே ஒளிந்திருக்கிறது என்று அறிய விஞ்ஞானிகள் அதை முடக்கிப் பார்த்தார்கள். அப்படிக் கிடைத்த அறிவு இன்று பூச்சிமருந்து நோயாளியின் படுக்கையருகே கடிகாரத்தோடு போட்டியிடுகிறது.

பீகாரின் சாரண் மாவட்டத்தில் கந்தமன் கிராமத்துத் தொடக்கப்பள்ளி. 2013 ஜூலை 16 அன்று மதிய உணவாகப் பரிமாறப்பட்டது சோறும், சோயாவும் உருளைக்கிழங்கும் சேர்ந்த கறியும். சாப்பிட்ட சிறிது நேரத்திலேயே குழந்தைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டார்கள். 23 குழந்தைகள் பிழைக்கவில்லை. சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்து கலந்திருந்ததாகத் தடய அறிவியல் சோதனை சொன்னது.

கேட்டுப் பழகிய கதைதான். 1958இல் கேரளத்தில் பாரத்தியான் கலந்த கோதுமை மாவு நூறு பேருக்கு மேல் பலிகொண்டது. பூச்சிமருந்துகளுக்கென்று 1968இல் நாடு தனிச் சட்டம் இயற்ற அந்தச் சம்பவமே தூண்டுதல். பாரத்தியானும் மோனோகுரோட்டோபாஸும் ஒரே குடும்பம் - ஆர்கனோபாஸ்பரஸ். இரண்டும் உடம்பில் தேடிப் போவதும் ஒரே இடத்தைத்தான்: ஒரு நொதியில் உள்ள ஒரு அமினோ அமிலத்தின் ஒரே ஒரு ஆக்சிஜன் அணு.

இந்த இடத்தை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? அந்த நொதியில் இருக்கும் அமினோ அமிலங்கள் ஐநூற்றுக்கும் மேல். விடை தேடிப் போனால் ஜெர்மனியின் பூச்சிமருந்து ஆய்வுக்கூடம், இங்கிலாந்தின் போர்க்கால ரகசிய ஆராய்ச்சி, அமெரிக்க ராணுவத்தின் ரசாயன மையம் என்று பாதை வளைந்து வளைந்து செல்கிறது.

லீவில் அனுப்பிய குமாஸ்தா

நரம்பு தசைக்கு ஆணையிட அசிடைல்கோலின் என்ற ரசாயனத்தைத் தூதனுப்புகிறது. ஆணை போய்ச் சேர்ந்ததும் தூதனை உடனே அப்புறப்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் தசை இழுத்தபடியே இருக்கும். அந்த வேலையைச் செய்வது அசிடைல்கோலினெஸ்டரேஸ் என்ற நொதி. இதன் ஒரு மூலக்கூறு ஒரே விநாடியில் ஆயிரக்கணக்கான அசிடைல்கோலின் மூலக்கூறுகளைப் பிளந்து தள்ளுகிறது. இது முடங்கினால் தூதர்கள் குவிகிறார்கள். உமிழ்நீரும் வியர்வையும் பெருகுகின்றன, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்குகிறது, நுரையீரல் நீர் கோக்கிறது, கடைசியில் மூச்சுத் தசைகள் சோர்ந்து நின்றுவிடுகின்றன.

பாட்டி சொன்ன கதையில் மந்திரவாதியின் உயிர் ஏழு கடல் தாண்டி ஒரு கிளிக்குள் இருக்கும். அவனை எங்கே வெட்டினாலும் சாகமாட்டான்; கிளியின் கழுத்தைத் திருகினால் போதும். நொதிகளும் ஏறக்குறைய அப்படித்தான். 20 வகை அமினோ அமிலங்கள் சங்கிலியாகக் கோக்கப்பட்டு, மடிந்து சுருண்டு உருவானவை அவை. நூற்றுக்கணக்கான அமிலங்களில் பெரும்பாலானவை அந்த வடிவத்தைத் தாங்கி நிற்கும் தூண்கள் மட்டுமே. உண்மையான வேலையைச் செய்வது இரண்டோ மூன்றோ. அந்த இரண்டு மூன்று எவை என்பதுதான் உயிர் வேதியியலின் பழைய கேள்வி.

ஒரு பெரிய அரசு அலுவலகத்தில் கோப்பு யார் மேஜையில் உண்மையில் நகர்கிறது என்று கண்டறிய ஒரு வழி உண்டு. ஒவ்வொருவராக லீவில் அனுப்பிப் பார்க்கலாம். யார் இல்லாதபோது அலுவலகமே ஸ்தம்பிக்கிறதோ அவர்தான் ஆள். ரசாயன மாற்றமுறை செய்வதும் இதைத்தான். அமினோ அமிலங்களின் பக்கக் கிளைகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ரசாயன குணம் உண்டு. அயோடோஅசிடமைடு சிஸ்டீனைப் பிடிக்கும். ஃபீனைல்கிளையாக்சால் அர்ஜினினைப் பிடிக்கும். டைஎத்தில் பைரோகார்பனேட் ஹிஸ்டிடினை நாடும். நொதியோடு இவற்றில் ஒன்றைக் கலந்து, வேலை நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். நின்றால் எந்த அமிலத்தில் அது ஒட்டியிருக்கிறது என்று தேட வேண்டும்.

சொல்வது எளிது. ஒரு நொதியில் ஒரே வகை அமிலம் இருபது முப்பது இடங்களில் இருக்கும். எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டால் எது காரணம் என்று யாருக்குத் தெரியும்? முப்பதில் ஒன்றை மட்டும் பொறுக்கியெடுக்கும் ரசாயனம் தேவைப்பட்டது. அதைத் தந்தது போர்.

போர் தந்த கருவி

1932இல் பெர்லினில் வில்லி லாங்கேயும் அவருடைய மாணவி கெர்டா ஃபான் க்ரூகரும் பாஸ்பரஸும் ஃப்ளோரினும் சேர்ந்த சில புதுச் சேர்மங்களைத் தயாரித்தார்கள். அவற்றின் ஆவியை முகர்ந்தால் மூச்சு திணறியது, பார்வை மங்கியது. அதை அவர்கள் தங்கள் கட்டுரையிலேயே குறித்து வைத்தார்கள். சில ஆண்டுகளுக்குப் பிறகு பூச்சிமருந்து தேடிக்கொண்டிருந்த ஜெர்மானிய ரசாயன விஞ்ஞானி கெர்ஹார்ட் ஷ்ராடர் இதே குடும்பத்தில் 1936இல் டாபுனையும் 1938இல் சாரினையும் கண்டுபிடித்தார். பூச்சியைக் கொல்லக் கிளம்பிய ஆராய்ச்சி மனிதனைக் கொல்லும் நரம்பு வாயுக்களில் போய் நின்றது.

இரண்டாம் உலகப் போரின்போது கேம்பிரிட்ஜில் பெர்னார்ட் சாண்டர்ஸ் குழு இக்குடும்பத்தின் இன்னொரு உறுப்பினரான டைஐசோப்ரோப்பில் ஃப்ளோரோபாஸ்பேட்டை ரகசியமாக ஆராய்ந்தது. விஞ்ஞானிகளுக்கு இது டி.எஃப்.பி. போர் முடிந்ததும் ஆயுதக் கிடங்கிலிருந்து இது ஆய்வுக்கூட அலமாரிக்கு வந்தது.

1949இல் அமெரிக்க வேளாண் துறை ஆய்வுக்கூடத்தில் ஜான்சன், பால்ஸ் குழுவினர் டி.எஃப்.பி.யை கைமோட்ரிப்சினோடு கலந்தார்கள். நரம்போடு சம்பந்தமில்லாத, குடலில் புரதத்தைச் செரிக்கும் சாதாரண நொதி அது. அதுவும் அடியோடு முடங்கியது. அளந்து பார்த்தால், ஒரு மூலக்கூறு நொதிக்குச் சரியாக ஒரு பாஸ்பரஸ். இரண்டும் இல்லை, அரையும் இல்லை. நொதியில் பாதி மூலக்கூறுகளில் பாஸ்பரஸ் ஏறினால் பாதி வேலை போனது. முழுதும் ஏறினால் முழு வேலையும் போனது. உருக்குலைத்துச் செயலிழக்கச் செய்த நொதியில் டி.எஃப்.பி. ஒட்டவே இல்லை. கிளி இருந்த கூண்டு தெரிந்துவிட்டது.

அடுத்த கேள்வி, ஒட்டிக்கொண்ட இடம் எது? அமெரிக்க ராணுவத்தின் ரசாயன மையத்தில் ஷாஃபர், மே, சம்மர்சன் மூவரும் கதிரியக்கப் பாஸ்பரஸ் சேர்த்த டி.எஃப்.பி.யால் நொதியை முடக்கினார்கள். பிறகு அமிலத்தில் வேகவைத்துத் துண்டு துண்டாக்கி, கதிரியக்கம் எந்தத் துண்டோடு போகிறது என்று பின்தொடர்ந்தார்கள். 1953இல் கைமோட்ரிப்சினிலும், 1954இல் மின்சார விலாங்கு மீனிலிருந்து எடுத்த கோலினெஸ்டரேஸிலும் ஒரே பதில் வந்தது: செரின்.

நம்ப மறுத்தவர்கள்

இந்தப் பதிலைப் பலரும் உடனே ஏற்கவில்லை. அவர்களுடைய தயக்கத்தில் நியாயம் இருந்தது. அமினோ அமிலங்களிலேயே சாதுவானது செரின். சோதனைக் குழாயில் தனியாக இருக்கும் செரினோடு டி.எஃப்.பி. சேர்ந்தால் எதுவும் நடப்பதில்லை. கைமோட்ரிப்சினில் செரின்கள் இருபத்தைந்துக்கும் மேல். அவற்றில் ஒன்றுக்கு மட்டும் எங்கிருந்து வந்தது இந்த வேகம்? தவிர, நொதி வேலை செய்யும் அமில-கார அளவைப் பார்த்தால் அங்கே ஹிஸ்டிடின் இருப்பதாகத் தோன்றியது. பாஸ்பரஸ் முதலில் ஹிஸ்டிடினில் ஒட்டி, அமிலத்தில் வேகவைத்தபோது செரினுக்குத் தாவியிருக்கலாம் என்று சந்தேகித்தார்கள். திருடனைப் பிடித்தாயிற்று, ஆனால் நகை அவன் கைக்கு எப்படி வந்தது என்று தெரியாத நிலை.

1963இல் குந்தர் ஷோல்மனும் எலியட் ஷாவும் புத்திசாலித்தனமான ஒரு தூண்டில் போட்டார்கள். கைமோட்ரிப்சின் விரும்பிக் கடிப்பது ஃபீனைல்அலனின் என்ற அமிலத்தை. அதே தோற்றத்தில் ஒரு மூலக்கூறு செய்து, அதன் நுனியில் குளோரின் சேர்ந்த கொக்கி ஒன்றை மாட்டினார்கள். உணவென்று நம்பி நொதி விழுங்கியது. கொக்கி பக்கத்திலிருந்த ஹிஸ்டிடினைக் கவ்விப் பிடித்தது. நொதி செத்தது. டிரிப்சின் என்ற நெருங்கிய உறவுக்கார நொதி மட்டும் இந்தத் தூண்டிலில் சிக்கவில்லை, காரணம் அதற்குப் பிடித்த உணவு வேறு. ஆக ஹிஸ்டிடினும் உண்டு, செரினும் உண்டு.

1967இல் எக்ஸ்ரே படிகப் படம் வந்தபோது வழக்கு முடிந்தது. சங்கிலியில் 57ஆம் இடத்து ஹிஸ்டிடினும் 195ஆம் இடத்து செரினும் மடிப்பில் பக்கத்துப் பக்கத்து வீடுகளாக இருந்தன. ஹிஸ்டிடின் செரினின் ஹைட்ரஜனை இழுத்துக்கொள்ள, சாதுவான செரின் சீறிப் பாய்கிறது.

அந்த ஆக்சிஜன் அணு எவ்வளவு முக்கியம் என்பதற்கு 1966இலேயே சாட்சி கிடைத்திருந்தது. போல்கர்-பெண்டர், நீட்-கோஷ்லண்ட் என்று இரு குழுக்கள் தனித்தனியே ஒரே வேலையைச் செய்தன. பாக்டீரியாவிலிருந்து கிடைக்கும் சப்டிலிசின் நொதியில் அந்த ஒரு செரினின் ஆக்சிஜனை ரசாயன முறையில் கழற்றி, அங்கே கந்தக அணுவை வைத்தார்கள். மற்ற ஆயிரக்கணக்கான அணுக்கள் அப்படியே இருந்தன. ஆனாலும் புரதத்தைச் செரிக்கும் திறன் ஏறக்குறைய காணாமல் போனது.

தண்டிக்கப்பட்ட நிரபராதி

எல்லா வழக்கும் இப்படி நல்லபடியாக முடிந்துவிடவில்லை. கணையம் சுரக்கும் கார்பாக்சிபெப்டிடேஸ் நொதியில் டைரோசின்களை அசிடைல் ஏற்றி மறைத்தபோது புரதம் வெட்டும் வேலை குறைந்தது. எக்ஸ்ரே படமோ 248ஆம் இடத்து டைரோசின், உணவுப் பொருள் வந்ததும் பெருமளவு நகர்ந்து வந்து அதன் பக்கத்தில் நிற்பதைக் காட்டியது. இரண்டு சாட்சிகள் ஒத்துப் போனதால் அந்த டைரோசின்தான் வேலைக்கு இன்றியமையாதது என்று பாடப்புத்தகங்கள் எழுதின.

1978இல் மைக்கேல் ஸ்மித் மரபணுவிலேயே ஓர் எழுத்தை மாற்றி, விரும்பிய அமினோ அமிலத்தை மட்டும் மாற்றும் முறையைக் கண்டார். 1993இல் இதற்காக அவருக்கு நோபல் பரிசு. 1985இல் சான் ஃபிரான்சிஸ்கோவில் வில்லியம் ரட்டர் குழு இந்த முறையால் அந்த டைரோசினை எடுத்துவிட்டு, வேலைக்கு உதவாத ஃபீனைல்அலனினை வைத்தது. நொதி பாட்டுக்கு வேலை செய்தது!

நடந்தது என்ன? ரசாயன மாற்றமுறை ஓர் அமிலத்தை நீக்குவதில்லை. அதன் மேல் ஒரு மூட்டையை ஏற்றுகிறது. மூட்டை வாசலை அடைத்தாலும் வேலை நிற்கும். குமாஸ்தாவை லீவில் அனுப்புவது வேறு, அவர் நாற்காலியைத் தூக்கி வாசலில் போடுவது வேறு. அதனால்தான் இந்தத் துறையில் சில நிபந்தனைகள் எழுதாத சட்டமாயின. ஒரு மூலக்கூறுக்கு ஒன்று என்ற கணக்கு சரியாக வர வேண்டும். நொதியின் இயற்கையான உணவு கூடவே இருந்தால் அது காவல் நின்று அமிலத்தைக் காப்பாற்ற வேண்டும். நொதியின் வடிவம் கெட்டிருக்கக் கூடாது. இவ்வளவுக்குப் பிறகும் வேறொரு முறையின் சாட்சி வேண்டும்.

கழற்றும் வித்தை

செரின்தான் என்று தெரிந்ததால் யாருக்கு என்ன லாபம்? 1950களில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இர்வின் வில்சன் இந்தக் கேள்விக்கு மருந்து வடிவில் பதில் சொன்னார். செரினின் ஆக்சிஜன் பாஸ்பரஸைப் பிடித்து வைத்திருக்கிறது என்றால், அதைவிட ஆசையோடு பாஸ்பரஸை இழுக்கும் ஒன்றைக் கொண்டுவந்தால் நொதி விடுபட வேண்டும். ஹைட்ராக்சிலமின் அப்படி இழுத்தது, ஆனால் மிக மெதுவாக. அசிடைல்கோலினின் ஒரு முனையில் நேர்மின்னேற்றம் உண்டு. அதை வரவேற்க நொதியில் ஓர் இடம் இருக்க வேண்டும். இழுக்கும் கையை நேர்மின்னேற்றம் கொண்ட ஒரு வளையத்தோடு பொருத்தினால் அது நேரே அந்த இடத்தில் போய் உட்காரும், கை செரினை எட்டும் என்று வில்சன் கணக்குப் போட்டார். 1955இல் வந்தது பிராலிடாக்ஸைம். இந்திய மருத்துவமனைகளில் அதன் செல்லப் பெயர் 'பாம்'.

மின்னேற்றத்தை வரவேற்கும் அந்த இடம் எதிர்மின்னேற்றம் கொண்டதாக இருக்கும் என்பதே அன்றைய ஊகம். 1990இல் ஒரு ரசாயனத் தூண்டில் மின்சாரத் திருக்கை மீனின் கோலினெஸ்டரேஸில் போய் ஒட்டிய இடம், எதிர்பாராத விதமாக, மின்னேற்றமே இல்லாத டிரிப்டோஃபான். மறு வருடம் இஸ்ரேலின் வெய்ஸ்மான் நிறுவனத்தில் சஸ்மன், சில்மன் குழு அந்த நொதியின் எக்ஸ்ரே படத்தை வெளியிட்டது. குறுகலான ஆழ்ந்த கிணறு போன்ற பள்ளம், அடியில் செரின், பக்கத்தில் அதே டிரிப்டோஃபான். ஊகம் பிசகினாலும் வில்சனின் மருந்து சரியான இடத்துக்குத்தான் போய்க்கொண்டிருந்தது.

கடிகாரத்தோடு போட்டி

ஆனால் மருந்துக்கு ஒரு கெடு உண்டு. செரினில் ஒட்டிய பாஸ்பரஸ் சும்மா இருப்பதில்லை. அதிலிருந்து ஒரு கிளை மெல்ல உதிர்கிறது. உதிர்ந்த பிறகு எந்த மருந்தாலும் அதைக் கழற்ற முடியாது. விஞ்ஞானிகள் இதை 'முதுமையடைதல்' என்கிறார்கள். பாரத்தியான், குளோர்பைரிபாஸ் போன்று இரண்டு எத்தில் கிளைகள் கொண்டவற்றால் முடங்கிய நொதியில் பாதி முதுமையடைய சுமார் 33 மணி நேரம் ஆகிறது. மோனோகுரோட்டோபாஸ், டைமெத்தோயேட் போன்று மெத்தில் கிளைகள் கொண்டவை என்றால் 4 மணி நேரம்கூட இல்லை. கிராமத்திலிருந்து வண்டி பிடித்து, ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, அங்கிருந்து மாவட்ட மருத்துவமனைக்கு அனுப்பப்பட்டு, படுக்கை கிடைப்பதற்குள் அந்த நேரம் ஓடிவிடுகிறது.

மருத்துவர்களிடையே 'பாம்' பற்றி ஒருமித்த கருத்து இல்லாததற்கு இது ஒரு காரணம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1990களில் நடந்த ஆய்வுகளில் அதனால் பலன் தென்படவில்லை. மகாராஷ்டிரத்தின் பாராமதியில் 200 நோயாளிகளிடம் நடந்த ஆய்வின் முடிவு 2006இல் வெளிவந்தது. மருந்தைத் தொடர்ச்சியாக அதிக அளவில் ஏற்றிய குழுவில் இறந்தவர்கள் 1 சதவீதம். இடைவெளி விட்டுக் கொடுத்த குழுவில் 8 சதவீதம். இலங்கையில் 235 பேரிடம் நடந்து 2009இல் வெளிவந்த ஆய்விலோ மருந்து பெற்றவர்களில் இறப்பு குறையவில்லை. எந்தப் பூச்சிமருந்து, எவ்வளவு உள்ளே போனது, எத்தனை மணி நேரம் கழித்து வந்தார் என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது. எல்லோரும் ஒப்புக்கொள்வது அட்ரோபினைத்தான். அது செரினைத் தொடுவதே இல்லை; தூதர்கள் கதவைத் தட்டாதபடி வாசலில் காவல் நிற்கிறது. நொதி மீளும் வரை அல்லது உடம்பு புதிதாக நொதி தயாரிக்கும் வரை நோயாளியைத் தாங்குவது அதுவும் செயற்கைச் சுவாசக் கருவியும்தான்.

செரினைப் பிடிக்கும் வித்தை மனிதனுக்கு நன்மையும் செய்திருக்கிறது. தலைவலிக்கு விழுங்கும் ஆஸ்பிரின் வேறொரு நொதியின் ஒரு செரினில் அசிடைலை ஒட்ட வைக்கிறது என்று 1970களில் தெரியவந்தது. ரத்தத் தட்டணுக்களுக்கு உட்கரு இல்லை. முடங்கிய நொதிக்குப் பதில் புதிது செய்ய அவற்றால் முடியாது. மாரடைப்பு வந்தவர்களுக்குத் தினம் ஒரு சிறு மாத்திரை போதுமானதாக இருப்பது இதனால்தான். பென்சிலின் பாக்டீரியாவின் சுவர் கட்டும் நொதியில் கைவைப்பதும் ஒரு செரினில். 1999இல் அமெரிக்காவில் பெஞ்சமின் கிராவட் குழு நரம்பு வாயுக்களின் அதே பாஸ்பரஸ்-ஃப்ளோரின் பிணைப்பைத் தூண்டில் முள்ளாக்கியது. திசுச் சாற்றில் அதைப் போட்டால் இந்த வகைச் செரின் நொதிகள், அதுவும் உயிரோடு வேலை செய்பவை மட்டும், கொத்தாகச் சிக்குகின்றன. புற்றுநோய்த் திசுக்களில் எந்த நொதி சுறுசுறுப்பாக இருக்கிறது என்று தேட இது உதவுகிறது.

1932இல் பெர்லினில் இருவர் மூச்சுத் திணறியதைக் குறித்து வைத்ததில் தொடங்கிய தேடல், ஓர் அணு வரை துல்லியமாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. விஷம் எங்கே ஒட்டுகிறது, எத்தனை மணி நேரத்தில் கழற்ற முடியாமல் இறுகுகிறது என்பதெல்லாம் எண்களாகத் தெரியும். மோனோகுரோட்டோபாஸைக் காய்கறிகளுக்கு அடிக்கக் கூடாது என்று இந்தியா 2005இலேயே தடை விதித்தது. எட்டு ஆண்டுகள் கழித்து அது கந்தமன் பள்ளியின் சமையல் எண்ணெயில் இருந்தது. அந்தக் குழந்தைகளின் உடம்பில் கடிகாரம் ஓட ஆரம்பித்தபோது கையில் இருந்தது நான்கு மணி நேரத்துக்கும் குறைவு.